மீண்டும் ஊருக்குள்

தவறு செய்யாத மனிதர் உண்டா? இல்லை. சின்னத் தவறு என்றால் வீட்டில் திட்டு விழும். தவறு குற்றமாகிவிட்டால் போலீஸ் வரும். கோர்ட் விசாரிக்கும். தீர்ப்பு வரும்.

தீர்ப்போடு எல்லாம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் குற்றம் செய்த இளைஞனுக்குக் கஷ்டமான காலம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. அவன் மறுபடியும் அதே தெருவில் நடக்க வேண்டும். அதே கடையில் சாமான் வாங்க வேண்டும். வேலை தேட வேண்டும். எல்லோரும் அவனையே பார்ப்பார்கள்.

அவனுக்குச் சட்டம் என்ன வழி காட்டுகிறது? குடும்பம் என்ன செய்யலாம்? ஊர் என்ன செய்யலாம்? தெரிந்துகொள்வோம்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பார்ப்போம்

ஸ்ரீவராகம். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகும் தூரம். அங்கே வராகமூர்த்தி கோயிலும் பெரிய குளமும் உண்டு. தமிழும் மலையாளமும் கலந்து பேசும் தெருக்கள் உண்டு.

அங்கே ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்வோம். அம்மா அப்பளம் போட்டு விற்கிறார். அப்பா இல்லை. மகனுக்கு 19 வயது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டான். சாலை பஜாரில் மூட்டை இறக்குகிறான்.

இது யாருடைய சொந்தக் கதையும் அல்ல. ஆனால் எந்த வீட்டிலும் நடக்கக்கூடியது.

ஒரு நாள் இரவு அவனும் நண்பனும் தெருவில் நின்ற ஒரு மோட்டார் சைக்கிளை எடுத்தார்கள். கடற்கரை வரை ஓட்டினார்கள். வண்டி ஒரு சுவரில் இடித்து விளக்கு உடைந்தது. அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தார்கள். கேமராவில் முகம் பதிவாகியிருந்தது. போலீஸ் பிடித்தது. வழக்கு நடந்தது. குற்றம் செய்தது உண்மை என்று கோர்ட் முடிவு செய்தது.

திருட்டுக்கு மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அம்மா பயந்து போனார்.

“ஜெயிலுக்குப் போனா என் பிள்ளை கெட்டே போயிடுவானே!” என்று அழுதார்.

அந்தப் பயம் நியாயமானது. சிறையில் பலவகைக் குற்றவாளிகள் இருப்பார்கள். 19 வயதுப் பையன் அவர்களோடு சில மாதம் இருந்தால் என்ன கற்றுக்கொள்வான்? வெளியே வரும்போது வேலையும் இருக்காது. நல்ல பெயரும் இருக்காது.

இதை யோசித்துத்தான் நம் நாட்டில் ஒரு சட்டம் செய்தார்கள். அது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம்.

சட்டம் என்ன சொல்கிறது?

மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கிடைக்கக்கூடிய பெரிய குற்றங்களுக்கு இந்தச் சட்டம் உதவாது. மற்றக் குற்றங்களில், குற்றத்தின் தன்மையையும் ஆளின் குணத்தையும் கோர்ட் பார்க்கும். பிறகு சிறைக்கு அனுப்பாமல் வெளியே விடலாம்.

சும்மா விட்டுவிடுவது இல்லை. “நல்லபடியாக நடப்பேன். கூப்பிட்டால் வருவேன்” என்று அவன் ஒரு பத்திரம் எழுதித் தர வேண்டும். அதன் காலம் மூன்று ஆண்டு வரை இருக்கலாம். அந்தக் காலத்தில் ஓர் அலுவலர் அவனைக் கவனித்து வரும்படியும் கோர்ட் உத்தரவிடலாம். அந்தக் கண்காணிப்பு குறைந்தது ஓர் ஆண்டாவது இருக்கும். அந்த அலுவலர்தான் நன்னடத்தை அலுவலர். நம் ஊரில் ‘புரொபேஷன் ஆபீசர்’ என்றால் எல்லோருக்கும் புரியும்.

21 வயது ஆகாதவர்களுக்கு இந்தச் சட்டம் இன்னும் பலமான பாதுகாப்பு தருகிறது. தீர்ப்புச் சொல்லும் நாளில் 21 வயது ஆகவில்லை என்றால், கோர்ட் அவனை எளிதில் சிறைக்கு அனுப்ப முடியாது. முதலில் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அப்புறமும் சிறைதான் சரி என்று தோன்றினால், அதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்.

ஒன்றை மறக்கக் கூடாது. கஞ்சா போன்ற போதைப்பொருள் விற்றவருக்கு இந்த வழி கிடைக்காது. 18 வயது ஆகாதவருக்கும், தானே போதைப்பொருள் பயன்படுத்திய குற்றத்துக்கும் மட்டும் சில விலக்கு உண்டு. “ஒரு பொட்டலம் கொண்டு போய்க் கொடு. பணம் தருகிறேன்” என்று யாராவது சொன்னால் பிள்ளைகள் ஓடிவிட வேண்டும்.

ஜாமீன், பரோல், நன்னடத்தைக் காவல்

இந்த மூன்றையும் பலர் ஒன்று என்று நினைக்கிறார்கள். மூன்றும் வேறு வேறு.

ஜாமீன்: வழக்கு இன்னும் முடியவில்லை. அதுவரை வெளியே இருக்க அனுமதி.

பரோல்: தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர் சில நாள் வீட்டுக்குப் போய்வர விடுப்பு. நாள் முடிந்ததும் சிறைக்குத் திரும்ப வேண்டும். பரோல் தருவதற்கு முன் போலீசும் நன்னடத்தை அலுவலரும் ஊரில் விசாரித்து அறிக்கை தருவார்கள்.

நன்னடத்தைக் காவல்: குற்றம் உறுதியாகிவிட்டது. ஆனால் சிறைக்கு அனுப்பவில்லை. அலுவலரின் கண்காணிப்பில் வீட்டில் இருந்தே திருந்த வேண்டும்.

இந்த வழி எப்படி வந்தது?

இதைத் தொடங்கியவர் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. பெயர் ஜான் அகஸ்டஸ். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் வாழ்ந்தவர்.

1841-ஆம் ஆண்டு அவர் ஒரு கோர்ட்டுக்குப் போயிருந்தார். அங்கே ஒரு குடிகாரரைக் கொண்டு வந்தார்கள். “சிறைக்கு அனுப்பாதீர்கள். நான் பொறுப்பு” என்று ஜான் அகஸ்டஸ் சொன்னார். மூன்று வாரம் கழித்து அந்த மனிதரைத் திரும்ப அழைத்து வந்தார். அவர் குடியை விட்டிருந்தார். ஆளே மாறியிருந்தார். நீதிபதி மிகச் சிறிய அபராதம் மட்டும் விதித்து அனுப்பினார்.

அதன் பிறகு ஜான் அகஸ்டஸ் 1859-இல் இறக்கும் வரை இதே வேலையைச் செய்தார். ஏறக்குறைய 2,000 பேருக்குப் பொறுப்பு ஏற்றார். ஒரு தொழிலாளியின் நல்ல மனசு இன்று உலகம் முழுவதும் சட்டமாகிவிட்டது.

கேரளத்தில் இந்த வழியைப் பற்றிப் பேசினால் வி. ஆர். கிருஷ்ணய்யரின் பெயர் வரும். அவர் பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 1957-இல் கேரளத்தின் முதல் மந்திரிசபையில் மந்திரியானார். சிறைத் துறையும் அவர் பொறுப்பில் இருந்தது. 1973 முதல் 1980 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். குற்றவாளியும் மனிதன்தான் என்பதை அவர் தம் தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொன்னார். 2014-இல் காலமானார். அவர் பிறந்த நவம்பர் 15-ஆம் நாளைக் கேரளத்தில் நன்னடத்தை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

திருவனந்தபுரம் பூஜப்புரையில் உள்ள மத்திய சிறை 1886-இல் வந்தது. 1962-இல் இதே மாவட்டத்தில் நெட்டுகால்தேரியில் திறந்தவெளிச் சிறை தொடங்கினார்கள். அங்கே கைதிகள் தோட்ட வேலை செய்கிறார்கள். பூட்டி வைத்தால் மட்டும் மனிதன் திருந்த மாட்டான் என்பதை அரசும் புரிந்துகொண்டது.

அலுவலர் வீட்டுக்கு வருகிறார்

இப்போது நம் ஸ்ரீவராகம் பையனிடம் வருவோம். கோர்ட் அறிக்கை கேட்டது. ஒரு நாள் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்தார். தெருவே எட்டிப் பார்த்தது. அம்மாவுக்கு வெட்கம்.

“பயப்படாதீங்கம்மா. உள்ளதைச் சொல்லுங்க. பையன் யாரோட சேர்றான்? சம்பளத்தை வீட்டில தர்றானா? குடிக்கிறானா?”

அம்மா முதலில் எல்லாவற்றையும் மறைக்க நினைத்தார். பிறகு சொல்லிவிட்டார்.

“சம்பளத்தில பாதி தருவான் சார். குடிக்க மாட்டான். அந்தக் கூட்டாளியோட சேர்ந்த பிறகுதான் ராத்திரி லேட்டா வர்றான்.”

உண்மையைச் சொன்னது நல்லது. அலுவலர் போலீஸ்காரர் அல்ல. குடும்பத்தின் நிலையை அவர் கோர்ட்டுக்கு எடுத்துச் சொல்பவர். அவர் தரும் அறிக்கை இரகசியமானது.

அக்கம்பக்கத்தாரிடமும் அவர் கேட்பார். “சின்ன வயசில இருந்தே பார்க்கிறோம் சார். கெட்ட பையன் இல்லை” என்று ஒரு வீட்டார் சொன்னாலும் அதற்கு மதிப்பு உண்டு.

பையனுக்கோ அவனுக்கு ஜாமீன் நிற்பவருக்கோ நிலையான வீடு அல்லது ஒழுங்கான வேலை இருக்கிறதா என்றும் கோர்ட் பார்க்கும். ஏழைக் குடும்பங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன. சொந்த வீடு வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வாடகைச் சீட்டு, ரேஷன் கார்டு, முதலாளி தரும் கடிதம் ஆகியவற்றைக் காட்டலாம். ஜாமீன் ஆள் இல்லாமலும் கோர்ட் விடலாம்.

கோர்ட் அந்தப் பையனை விட்டது. இரண்டு ஆண்டு நன்னடத்தைக் காவல். மாதம் ஒரு முறை அலுவலரைப் பார்க்க வேண்டும். கேட்காமல் ஊரை விட்டுப் போகக் கூடாது. குடிக்கக் கூடாது. வண்டிக்காரருக்கு நஷ்ட ஈடும் தர வேண்டும்.

வண்டிக்காரரை நாம் மறக்கக் கூடாது. அவர் அந்த வண்டியில்தான் பால் ஊற்றப் போவார். வண்டி இல்லாமல் நாலு நாள் பிழைப்புக் கெட்டது. விளக்குக்கும் அவர்தான் பணம் போட்டார். அவருடைய கஷ்டத்துக்குப் பதில் சொல்லாமல் ஒருவன் திருந்தினான் என்று சொல்ல முடியாது.

அந்தக் காகிதத்தை வாசியுங்கள்

கண்காணிப்பு உத்தரவின் நிபந்தனைகளைக் கோர்ட் அவனுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். ஒரு பிரதியும் தர வேண்டும். இது சட்டம்.

பல வீடுகளில் அந்தக் காகிதம் சாமி படத்துக்குப் பின்னால் போய்விடுகிறது. யாரும் வாசிப்பதில்லை. காகிதம் ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ இருக்கும். தமிழ் மட்டும் வாசிப்பவர் என்ன செய்வது?

கேளுங்கள். “இதைத் தமிழில் சொல்லுங்கள்” என்று வக்கீலிடமோ அலுவலரிடமோ கேட்பதில் வெட்கம் இல்லை. புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. கைநாட்டும் வைக்கக் கூடாது.

எந்த மொழியில் எழுதினாலும் தேதி எண்ணில் இருக்கும். எண் வாசிக்கத் தெரிந்தால் தேதி தெரியும். அந்தத் தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

தேதி தவறினால்?

பையன் முதல் மூன்று மாதம் ஒழுங்காகப் போனான். நாலாம் மாதம் லாரி நிறைய சரக்கு வந்தது. முதலாளி சொன்னார்: “இன்னைக்கு லீவு போட்டா நாளையில இருந்து வராதே.” அவன் வேலைக்குப் போனான். அலுவலரிடம் போகவில்லை. அடுத்த மாதம் பயம் வந்துவிட்டது. “போனா பிடிச்சு உள்ள போட்டுடுவாங்க” என்று ஒளிந்தான்.

முதல் மாதம் நடந்தது சின்னத் தப்பு. இரண்டாம் மாதம் ஒளிந்ததுதான் பெரிய தப்பு.

நிபந்தனையை மீறினான் என்று தெரிந்தால் கோர்ட் சம்மன் அனுப்பலாம். பிடிவாரண்டும் போடலாம். பழைய குற்றத்துக்கே அப்போது தண்டனை தரலாம். முதல் தடவை மீறியவருக்கு 50 ரூபாய் வரை அபராதம் போட்டு, பத்திரத்தைத் தொடர விடவும் சட்டத்தில் இடம் உண்டு.

ஆகவே என்ன செய்ய வேண்டும்? வர முடியாது என்றால் முன்பே சொல்ல வேண்டும். போன் செய்யலாம். அம்மா நேரில் போய்ச் சொல்லலாம். நாகர்கோவிலில் நல்ல வேலை கிடைத்தால் அதையும் சொல்ல வேண்டும். அலுவலர் கேட்டுக்கொண்டால் கோர்ட் நிபந்தனையை மாற்றலாம். பையன் நன்றாக நடந்தால், இனிப் பத்திரம் வேண்டாம் என்று முன்பே விட்டுவிடவும் செய்யலாம்.

அம்மா அவனைக் கையோடு அழைத்துப் போனார். அலுவலர் கோபப்பட்டார். பிறகு கேட்டார்: “உனக்கு எந்த நாள் லீவு?” “ஞாயிறு மட்டும் சார்.” “சரி. சரக்கு வராத நாளைக் கடையில கேட்டுச் சொல்லு. அந்த நாள்ல வா.” இரண்டு மாதம் அவன் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் ஐந்து நிமிடத்தில் தீர்ந்தது.

வேலை

கண்காணிப்பில் இருப்பவருக்குத் தேவைப்பட்டால் வேலை தேடித் தர முயற்சி செய்வதும் அலுவலரின் கடமை. சட்டமே அப்படிச் சொல்கிறது. கேரளத்தில் இந்த அலுவலர்கள் சமூக நீதித் துறையின் கீழ் வருகிறார்கள். தொழில் தொடங்க உதவித் திட்டங்களும் அந்தத் துறையில் உண்டு. மாவட்ட நன்னடத்தை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

“குற்றவாளி என்று பெயர் வந்துவிட்டது. இனி அரசு வேலையே கிடையாதா?” என்று பலர் கேட்கிறார்கள். நன்னடத்தைச் சட்டப்படி விடுதலை ஆனவருக்குக் குற்றத் தீர்ப்பால் வரும் தகுதிக் குறைவு வராது என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விண்ணப்பத்தில் வழக்கைப் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்கக் கூடாது. மறைத்தால் அதுவே வேலையைப் பறித்துவிடும். சின்ன வயதில் செய்த சிறு தவறை மன்னிக்க நிர்வாகத்துக்கு இடம் உண்டு என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஊர்ப் பேச்சும் போலீசும்

தெருவில் ஒரு சைக்கிள் காணாமல் போகிறது. எல்லோர் கண்ணும் யார் மேல் விழும்? அந்தப் பையன் மேல்தான். அவன் அன்று வேலையில் இருந்தாலும் அப்படித்தான்.

சந்தேகத்தை வைத்து யாரையும் அடிக்கக் கூடாது. கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் கொண்டு போக வேண்டும். பயணத்துக்கு ஆகும் நேரம் மட்டும் இந்தக் கணக்கில் சேராது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் தரும். பெண்களுக்கும், குழந்தைகளுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இந்த உதவி உண்டு. திருவனந்தபுரத்தில் வஞ்சியூர் கோர்ட்டில் கேட்கலாம். போன் எண் 15100.

18 வயது ஆகாதவர் என்றால்

18 வயது ஆகாத பிள்ளையைச் சிறையில் வைக்கவே கூடாது. போலீஸ் ஸ்டேஷன் லாக்கப்பிலும் வைக்கக் கூடாது. அவர்களுக்கு 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் உண்டு. வழக்கை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். புத்தி சொல்லிப் பெற்றோரிடம் அனுப்பலாம். சமூக சேவை செய்யச் சொல்லலாம். சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை வைக்கலாம். 16 வயது முடிந்தவர் மிகக் கொடிய குற்றம் செய்திருந்தால் மட்டும் வேறு விதமாக விசாரிக்க வழி உண்டு.

அந்தப் பிள்ளையின் பெயரையோ படத்தையோ வெளியிடுவது குற்றம். பத்திரிகைக்கு மட்டும் அல்ல, செல்போனில் படம் அனுப்புகிற நமக்கும் இது பொருந்தும். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம்.

குழந்தைகளுக்கு உதவி கேட்க 1098 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது இலவசம்.

நாம் என்ன செய்யலாம்?

சட்டம் ஒருவனைச் சிறைக்குப் போகாமல் வெளியே வைக்கும். ஆனால் அவனை ஊருக்குள் சேர்ப்பது சட்டத்தால் முடியாது. அது நம் கையில்தான் இருக்கிறது.

பெற்றோர் பழைய தவறைத் தினமும் குத்திக் காட்ட வேண்டாம். அவன் எங்கே போகிறான், யாரோடு போகிறான் என்று கவனித்தால் போதும். மாதத் தேதியை நினைவூட்டுங்கள்.

முதலாளி மாதம் அரை நாள் விடுப்புத் தந்தால் கடை மூழ்கிவிடாது. அந்த அரை நாளில் ஒரு பிள்ளை பிழைத்துக்கொள்வான்.

பக்கத்து வீட்டார் பெரிய உதவி எதுவும் செய்ய வேண்டியதில்லை. “சாப்பிட்டியா தம்பி?” என்று முன்போலவே கேட்டால் போதும்.

வண்டிக்காரருக்கு அந்தப் பையன் நஷ்ட ஈட்டைத் தவணையாகக் கொடுத்தான். முதல் தவணையை அம்மாதான் கொண்டு போனார். மற்றவற்றை அவனே நேரில் கொண்டு போனான். அந்தப் படியில் ஏறுவது அவனுக்குச் சிறையை விடக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் ஏறினான். கடைசித் தவணையை எண்ணி வாங்கிக்கொண்டு வண்டிக்காரர் சொன்னார்: “சரி, கணக்கு தீர்ந்தது.” அவனுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது.

பேசிப் பார்ப்போம்

1. பரோலுக்கும் நன்னடத்தைக் காவலுக்கும் என்ன வித்தியாசம்?
2. தேதி தவறிய பையன் உடனே என்ன செய்திருக்க வேண்டும்?
3. கோர்ட்டில் தந்த காகிதம் புரியவில்லை என்றால் யாரிடம் கேட்பீர்கள்?
4. உங்கள் தெருவில் இப்படி ஓர் இளைஞன் திரும்பி வந்தால் நீங்கள் என்ன பேசுவீர்கள்? உங்கள் பதிலை நாலு வரியில் எழுதுங்கள்.